மேல்முனையில் நஸ்ருன்னிசா

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1974 பிப்ரவரியில், செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு பாறையில் ஏறிக்கொண்டிருந்தபோது நான் விழுந்தேன். பத்தடிதான். அதற்குள் கயிறு இழுத்துப் பிடித்துவிட்டது. கயிற்றின் மேல்முனையைப் பிடித்திருந்தவள் என் கல்லூரித் தோழி நஸ்ருன்னிசா. நான் அந்தப் பத்தடியைக் கடந்த நேரத்தில் மேலே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

என் பெயர் சுந்தரவல்லி. கதை என்னவோ அவளுடையதுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "விடியலில் அந்தப் பாறை படுத்திருக்கும் யானையைப் போல..."

பாறையைப் பார்த்து யானை என்று எழுதாதவர்கள் யார்? அடித்துவிட்டேன்.

அடுத்தது: "நஸ்ருன்னிசாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே..."

இது சுத்தப் பொய். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடியில் அவள் நடுவை விட்டு நகரமாட்டாள். கல்லூரியில் நடந்த பாறையேற்ற முகாமுக்கு அவள் பெயர் கொடுத்ததே, நான் கொடுத்துவிட்டு அவளை நச்சரித்ததால்தான். (இதை முதல் பிரதியில் எழுதவில்லை.)

ஆகவே அடையாற்றிலிருந்து தொடங்குகிறேன். முகாமுக்கு ஒரு வாரம் முன்பு பெற்றோர்களை அங்கே எங்கள் கல்லூரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். "முகாமில் எதிர்பார்க்க வேண்டியவை" என்று தலைப்பு. கான்வாஸ் ஷூ அவசியம். உள்ளங்கை உரியும். முதல் நாள் முழங்கால் நடுங்கும். கடைசி வரி: "பயம் வரும். வந்தால் உரக்கச் சொல்லவும்."

அஸ்மத்துன்னிசா, அதாவது நஸ்ருன்னிசாவின் அம்மா, தாளை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு முகாமை நடத்தும் நல்லசிவத்திடம் நேராகப் போனார்.

"கயிறு அறுந்தா இன்னா பண்ணுவீங்க சார்?"

"கயிறு அறாதும்மா. புது நைலான். பிடிக்கிற கைதான்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "கையும் பழகிடும்மா" என்றார்.

அவர் விட்ட அந்த இடைவெளி அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. வீடு போய்ச் சேரும்வரை, கச்சேரி ரோடு முழுக்க, மகளின் முழங்கையை அவர் விடவேயில்லை.

3

நான்கு நாட்கள் மாலையில் பயிற்சி. கயிற்றை முதுகுக்குப் பின்னால் சுற்றி, வலது மணிக்கட்டில் ஒரு சுற்றுப் போட்டு உட்கார வேண்டும். ஏறுகிறவள் விழுந்தால், பிடித்திருப்பவளின் இடுப்பும் கையும்தான் அவளுடைய உயிர்.

மேலிருந்து பிடிப்பதற்கு நல்லசிவம் நஸ்ருன்னிசாவைத் தேர்ந்தெடுத்தார். எல்லோருக்கும் ஆச்சரியம்.

"பயப்படுறவங்கதான் கயித்தை விடமாட்டாங்க" என்றார்.

(அவர் சொன்னாரா, நான் சொல்லவைக்கிறேனா? ஐந்து வருடம் ஆயிற்று. நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் அவள் அதை நம்பினாள். அது நிச்சயம்.)

4

இனி அவளுக்குள் நுழைய வேண்டும். எனக்கு அதற்கு உரிமையில்லை.

பாறையின் உச்சி தட்டையானது. பின்பக்கமாக நடந்தே ஏறிவிடலாம். அங்கே ஒரு குண்டுக்கல்லோடு அவள் இடுப்பைக் கட்டிவைத்துவிட்டு, மற்றப் பெண்களைப் பார்த்துக்கொள்ள நல்லசிவம் கீழே இறங்கினார். விளிம்பு அவளுக்கு ஆறடி முன்னால். கயிறு அந்த விளிம்பைத் தாண்டி மறைந்தது. அதற்கப்பால் வெறும் வானம்.

"பிடி இருக்கா?" கீழிருந்து என் குரல்.

"கீது! ஏறுடீ!"

கயிறு ஒரு சாண் தளர்ந்தது. இழுத்துக்கொண்டாள். இன்னொரு சாண். விளிம்பைப் பார்க்காமல் தன் ஷூ நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணிக்கட்டில் ஏதோ உட்கார்ந்தது. ஈ என்று நினைத்தாள். பிறகு சத்தம் வந்தது. யாரோ நிறுத்தாமல் தையல் மெஷினை மிதிப்பது போல ஒரு சத்தம், பாறைக்குள்ளிருந்தே.

"தேனீ!" கீழே நல்லசிவம் கத்தினார். "ஓடாதீங்க! படுத்துப் போர்த்திக்குங்க!"

எல்லோரும் போர்த்திக்கொள்ளலாம். அவளால் முடியாது. முகத்தை மூட ஒரு கை வேண்டும். இரண்டு கையும் கயிற்றில் இருந்தன. முதல் கொடுக்கு இமையில் இறங்கியது. அடுத்தது காது மடலில். பிறகு எது எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியாமல் முகமே நெருப்பாயிற்று.

"சுந்தரீ! சீக்கிரம் வா! சுந்தரீ!"

பதில் இல்லை. கயிறும் அசையவில்லை. மறுமுனையில் உயிரோடு ஆள் இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் ஆறு எட்டு வைத்தால் புதர். இடுப்பு முடிச்சை அவிழ்க்க எவ்வளவு நேரமாகும்? "அம்மி" என்று தன் அம்மாவைக் கூப்பிட்டாள். வாயைத் திறந்ததும் உதட்டில் ஒன்று கொட்டியது.

அப்போது கயிறு ஓடியது.

5

ஓடியது என்று எழுதிவிட்டேன். ஓடவிட்டாளா?

அ. கண்ணில் உட்கார்ந்த தேனீயைத் தட்ட ஒரு கையை எடுத்தாள். இமைக்கும் நேரம்தான். மறுபடி பிடித்தாள்.

ஆ. எடுக்கவேயில்லை. என் கையிலும் கொட்டியது. பாறையை விட்டது நான். என் மொத்தக் கனமும் சட்டென்று இறங்க, கயிறு அவள் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. அவள் விரலைத் திறக்கவில்லை.

இ. இரண்டு கையையும் விட்டாள். குனிந்து இடுப்பு முடிச்சை... என் அலறல் கேட்டு...

(மூன்றாவதைப் பல தடவை அடித்தேன். ஒவ்வொரு பிரதியிலும் திரும்ப வந்துவிடுகிறது. இருக்கட்டும்.)

மூன்றிலும் அவள் உள்ளங்கை வெந்துதான் போயிருக்கும். வெந்துதான் போயிருந்தது. தேனீக்கள் அடங்கியதும் நல்லசிவம் பின்பக்கமாக ஓடி ஏறினார். கீழே ஒரு திட்டில் மோதிக் கணுக்கால் முறிந்து, கயிற்றில் தொங்கிய என் கனத்தை இன்னமும் தாங்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. என்னைக் கீழே இறக்கிய பிறகும் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கயிற்றை எடுக்க முடிந்ததாம். அவர் அந்த உள்ளங்கையைப் பார்த்தார். இதுவும் மற்றவர்கள் சொல்லக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அஸ்மத்துன்னிசாவுக்கு மகளின் முகம் அடையாளம் தெரியவில்லை. வளையலை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

படிப்பு முடியும்வரை நாங்கள் பரீட்சை பற்றிப் பேசினோம், புடவை பற்றிப் பேசினோம். பாறை பற்றி மட்டும் பேசவில்லை. ஓர் ஆளைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் பத்தடி விழுவது என்பது எந்தத் தாளிலும் எழுதப்படாத பயம்.

6

போன வருடம், பனகல் பார்க் பஸ் ஸ்டாப்பில், மத்தியான வெயிலில் அவளைப் பார்த்தேன். வலது உள்ளங்கை மெழுகு பூசியது போல மினுங்கியது.

"கால் வலிக்குதாடீ?"

"மழை வந்தா. கை?"

"சூடு தெரியாது. அடுப்புலேர்ந்து எது எறக்கினாலும் என்னியத்தான் கூப்டுது அம்மி." சிரித்தாள்.

அவளுடைய பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

"நாலு வருஷமா ஒண்ணு கேக்கணும்னு கீது. கேக்கட்டா?"

அவள் தன் கையைப் பற்றித்தான் சொல்லப்போகிறாள், மூன்றில் எது என்று இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"நான் உன்ன அன்னிக்குக் கூப்ட்டுக்கினே இருந்தேன். உனக்கு கேட்டுச்சா?"

கேட்டது. தெளிவாகக் கேட்டது. வாயைத் திறந்தால் தேனீ உள்ளே போய்விடும் என்று உதட்டை இறுக மூடி, பாறையில் முகத்தைப் பதித்துக்கொண்டிருந்தேன். அவள் ஏழெட்டு முறை கூப்பிட்டாள். நான் மூச்சுக்கூட விடவில்லை.

இதை உங்களிடம் சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் அவளிடம் என்ன சொன்னேன் என்பதை மட்டும் எழுதமாட்டேன். நான்கு பதில் எழுதிப் பார்த்து நான்கையும் கிழித்தாயிற்று. அடுத்த பஸ் திருப்பத்தில் தெரிகிறது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் என் இடத்தில் நின்று சொல்லுங்கள்.