சேர்மன் வீட்டில் முளைத்த வாசிப்பறை

நகராட்சித் தலைவரின் வீட்டில், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே, ஒரு திங்கட்கிழமை காலை பொது நூலகத்தின் வாசிப்பறை முளைத்திருந்தது. அதற்கு முன் அங்கே இருந்தது விருந்தினர் அறை. கட்டில் மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், எந்த விருந்தினரும் படுக்காமல், வீடு கட்டிய நாளிலிருந்து பூட்டியே கிடந்த அறை. இப்போது கட்டிலைக் காணோம். நீள மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு, சுவரோரம் புத்தக அடுக்குகள், மேசை முனையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். எதிர்ச்சுவரில் இருந்த இன்னொரு கதவு, நாலு தெரு தள்ளி இருக்கும் நூலகத்துக்குள் திறந்தது. தலைவரின் மனைவி பால் பாத்திரத்தோடு வாசலில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "என்னங்க, இதை யார் பெருக்குறது?" என்று மட்டும் கேட்டாள். தலைவர் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். தபால்காரர் எழுந்து வணக்கம் வைத்தார். வாக்குக் கேட்டே பழகிய கை, நுரை வாயோடு பதில் வணக்கம் வைத்துவிட்டது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"கூப்பிடு உன் தங்கச்சிய!" என்றார்.

தங்கைதான் அந்த ஊரின் நூலகர். கூப்பிட்ட சுருக்கில், தெருவெல்லாம் சுற்றாமல், புதிதாக முளைத்த கதவு வழியாகவே வந்து நின்றாள். அத்தான் கையை ஆட்டி ஆட்டிக் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். "இது நான் பண்ணினது இல்ல அத்தான். இத்தனை வருஷமா லைப்ரரியை வச்சு அமுக்கினீங்க, எங்கயாவது பிதுங்கத்தானே செய்யும்?" என்றாள். அக்காவைப் பார்த்து, தரை நன்றாகத்தான் இருக்கிறது, ஈரத்துணி போட்டுத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே வேலைக்குத் திரும்பினாள்.

அவளுக்கு அந்த ஊர் மேல் மதிப்பு கிடையாது. அதை அவள் மறைத்ததும் கிடையாது. நூலகம் கட்டும்போது ஒரு கூடமும் இரண்டு அறைகளும் இருந்தன. ஊர் அப்போது சின்னது. பிறகு ஊர் பெருத்தது, நூலகத்துக்கு மட்டும் ஒரு செங்கல் கூடவில்லை. புத்தகங்களால் இடம் நிறைந்திருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். அந்த ஊரில் வசதியானவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடினால், அவர் பெயரில் நூலகத்துக்கு ஒரு இரும்பு பீரோ நிறையப் புத்தகம் கொடுப்பார்கள். பீரோவின் நெற்றியில் செத்தவர் பெயரைச் சிவப்பு எழுத்தில், தெருமுனையிலிருந்து வாசிக்கும் அளவுக்கு எழுதுவார்கள். பீரோவைப் பூட்டுவார்கள். சாவியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கேட்டால், "கண்டவன் கை பட்டா அப்பா புத்தகம் அழுக்காயிடும்ல?" என்பார்கள். ஒரு தலைமுறைக்குள் கூடம் முழுக்க பீரோக்கள் நின்றுவிட்டன. வாசகர்கள் அவற்றின் நடுவே பக்கவாட்டில் நடந்தார்கள். சற்றுப் பூசினாற்போல் இருந்தவர்கள் வருவதையே விட்டுவிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நூலகர் பார்த்ததேயில்லை. கரையான் பார்த்திருக்கும் என்று அவள் நினைத்தாள். இதற்கெல்லாம் தலைவர் கண்டுபிடித்திருந்த தீர்வு, நூலகத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் கடை வளாகம் கட்டுவது. நூலகத்துக்கு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். மழைக்காலம் முடிந்ததும் கொடுப்பதாக.

அடுத்து வந்த வாரங்களில் மற்ற வீடுகளிலும் அறைகள் முளைத்தன. அரிசி மண்டிக்காரர் வீட்டில் சாமான் அறை போனது. பல் டாக்டர் வீட்டில் மாடிக் கூடம் போனது. யாரும் உட்காரக் கூடாது என்று கயிறு கட்டி வைத்திருந்த சோபாவும் அதோடு போனது. கல்லூரி முதல்வர் வீட்டில், மகளின் கல்யாணத்துக்குப் பிறகு பூட்டி வைத்திருந்த அறையில் குழந்தைகள் பிரிவு வந்து உட்கார்ந்தது. நூலகருக்குச் சீக்கிரமே விஷயம் பிடிபட்டுவிட்டது. பீரோ கொடுத்துச் சாவியை வைத்துக்கொண்ட வீடுகளில் மட்டும், அதுவும் யாரும் புழங்காத இடத்தில் மட்டும், நூலகம் அறை எடுத்தது. ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்த அவள் வீட்டுப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்திர எழுத்தர் வீட்டு வாசிப்பறையிலிருந்து பல் டாக்டர் வீட்டுக்கு ஒரே கதவுதான் என்பதால், பல்வலிக்காரர்கள் சிலர் அந்த வழியை விரும்பினார்கள். ஊரார் ஒருவராவது இது எப்படி நடந்தது என்று வியந்தார்களா என்றால், இல்லை. செருப்பை எங்கே விடுவது, மின்விசிறியை யார் அணைப்பது, இருமுகிறவர்களை உள்ளே விடலாமா என்றுதான் சண்டை போட்டார்கள். இவர்கள் வீட்டுக் கூரையில் கடல் ஏறி வந்தாலும், துணி காயப்போட இடம் போச்சே என்றுதான் அழுவார்கள் என்று நூலகர் அக்காவிடம் சொன்னாள். அக்கா வெங்காயத்தை நறுக்கி முடித்தாள்.

"உனக்கு எல்லாரும் மடையனுங்கதான்" என்றாள் பிறகு.

"மடையனுங்கன்னு சொல்லல. மடையனுக்குத் தெரியலன்னு கேக்கவாவது தோணும்."

"என்னையும் சேத்துத்தானே சொல்ற?"

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் படித்தவர்கள். அக்காவுக்கு வேகம் அதிகம். தங்கை முடிக்கும்வரை பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் சீக்கிரம் என்று இடுப்பில் கிள்ளிக்கொண்டே இருப்பாள். இந்த வீட்டுக்கு வந்தபின் அவள் கையில் ஒரு புத்தகத்தைத் தங்கை பார்த்ததில்லை. ஊரில் மற்றவர்களைத் தங்கை லேசாக இகழ்ந்தாள். அக்காவை மன்னிக்காமல் இகழ்ந்தாள்.

முதலில் கதவை அடைத்தவர் அரிசி மண்டிக்காரர். கொத்தனாரைக் கூப்பிட்டு வாசலில் செங்கல் வைத்துப் பூசச் சொன்னார். காய்ந்ததும் அறை போய், சாமான் அறையே திரும்பி வந்தது, எலியோடு. புத்தகங்கள் எங்கே போயின என்று அவர் கேட்கவில்லை. அடுத்து அடைக்கப் பார்த்த பத்திர எழுத்தர் வீட்டில் சுவர் நிற்கவில்லை. மூன்று தடவை வைத்தும் சரிந்தது. விசாரித்தால், அவருடைய மாமியார் தினமும் மத்தியானம் அந்த அறையில் உட்கார்ந்து துப்பறியும் கதை படித்திருக்கிறார். "வீட்டு ஆளு ஒருத்தர் உள்ள உக்காந்து படிச்சிருந்தா சிமெண்ட் புடிக்க மாட்டேங்குது சார். வெளியாளு படிச்சா பரவால்ல" என்று கொத்தனார் நகராட்சிக்குத் தெரிவித்தார். ஓதம் ஏறிய சுவரைப் பற்றிச் சொல்கிற குரலில்தான் சொன்னார். மன்றத்திலும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். நூலகக் கட்டடத்தை இடிப்பது, அதே நாளில் எல்லா வீட்டுக் கதவுகளையும் செங்கல் வைத்து அடைப்பது என்று முடிவானது. தலைவர் எழுந்து நெஞ்சில் கை வைத்தார். "முதல் செங்கல் என் வீட்ல இருந்து ஆரம்பிக்கட்டும். என் வீட்ல ஒருத்தரும் ஒரு எழுத்துப் படிச்சதில்ல, இது உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார். மன்றம் கைதட்டியது. அந்த ஊரில் இதைப் பெருமையாகச் சொல்லவும் முடியும், அதற்குக் கைதட்டு வாங்கவும் முடியும். பின்வரிசையில் நின்ற நூலகரிடம், மறுநாள் முதல் குடிநீர் இணைப்புப் பிரிவில் உட்காரும்படி சொன்னார்கள். அவள் மனதுக்குள் ஊரை ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள். கட்டடம் போய்விடும். பத்திர எழுத்தரின் மாமியாருக்கு வயது எண்பதுக்கு மேல். மற்ற வீடுகளில் சுவர் இறுகிவிட்டால், அந்தக் கிழவியோடு நூலகத்தின் கதையும் முடிந்துவிடும். அத்தான் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குக் கசந்தது. படிக்கிற ஒரு ஆளைச் சொல் என்று யாராவது அவளைக் கேட்டிருந்தால், தலைவர் வீட்டை அவளே முதலில் தள்ளியிருப்பாள்.

மறுநாள் காலையில் இடிக்கும் இயந்திரம் கட்டடத்தை ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் சாய்த்தது. அதற்கு முன்பே பீரோக்களின் சொந்தக்காரர்கள் அப்பாவின் பெயர் தெரிகிறபடி பீரோவோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்கள். எல்லோரும் தலைவர் வீட்டுக்கு வந்தார்கள். கொத்தனார் வாசிப்பறையின் வாசலில் வரிசை வரிசையாகச் செங்கல் ஏற்றி, மட்டம் பார்த்து, பூசி முடித்தார். நூலகர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறை ஓரம் நின்றாள். சுவருக்கு அப்பால் தபால்காரர் தும்முவது கேட்டது. அவர் எழுந்து போகவில்லை. தலைவர் புகைப்படக்காரருக்குச் சைகை காட்டிவிட்டு, சிரித்தபடி சுவரில் உள்ளங்கையை வைத்தார். கை முழங்கை வரை உள்ளே போனது. அவர் இழுத்ததும், பாலில் ஊறிய ரொட்டி மாதிரி மொத்தச் சுவரும் கால்மாட்டில் வந்து விழுந்தது.

தலைவர் முதலில் ஓட்டுநரைப் பார்த்தார். அவர் இரண்டு கையையும் விரித்தார். மகனைப் பார்த்தார்.

"சத்தியமா நான் இல்லப்பா! என் மார்க்கைப் பாத்தா தெரியல?" என்றான் மகன். அதை எல்லோரும் நம்பினார்கள்.

"நான்தாங்க" என்றாள் அவர் மனைவி. "பெருக்கத்தான் போனேன். மேசை மேல ஒண்ணு திறந்து கிடந்துச்சு. பெருக்குமாறைச் சாத்தி வச்சிட்டு உக்காந்தேன்."

"எத்தனை நாளா?"

"நாள் யாருக்கு ஞாபகம் இருக்கு? முதல் அடுக்கு முடிஞ்சுது. ரெண்டாவதுல பாதி."

"நான் ஊர் முன்னாடி நெஞ்சுல கை வச்சுச் சொன்னேனே!"

"என்னைக் கேட்டுட்டா சொன்னீங்க? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உங்கப்பா பீரோ சாவியையும் நான்தான் எடுத்தேன். அதுல இருந்தது பூராவும் பழைய டெலிபோன் டைரக்டரி. ஊரே பூட்டிப் பாதுகாத்துச்சு."

தலைவர் கொத்தனார் பக்கம் திரும்பி, மறுபடி கட்டு என்றார். கொத்தனார் பூச்சுக் கரண்டியைத் துடைத்து எடுத்துவைத்தார். "கட்டலாம் சார். ஆனா அம்மா படிச்சதை மறக்கணும். அதுக்கு என்கிட்ட சாமான் இல்ல."

நூலகர் அக்காவுக்கு எதிரே வந்து நின்றாள். இத்தனை வருஷம் தேக்கி வைத்திருந்த சொற்கள் எல்லாம் வாய்வரை வந்து, ஒன்றுக்கும் இப்போது இடமில்லாமல் போயின. "அந்தப் பெஞ்சுலயா உக்காந்து படிச்ச? முதுகு புடிச்சுக்குமேக்கா" என்றாள்.

"புடிச்சுக்கிச்சு" என்றாள் அக்கா. "ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போட உனக்குத் துப்பில்ல, ஊரைத் திட்ட மட்டும் வாய் நீளுது."

ஊரைப் பற்றி நூலகர் கணித்தது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பல் டாக்டர் வீட்டில் சுவர் இறுகிக்கொண்டது. கல்லூரி முதல்வர் வீட்டில், கொத்தனாரே வியக்கும் அளவுக்கு, பூசிய கையோடு காய்ந்து கல்லாகிவிட்டது. மொத்தத்தில் ஏழெட்டு வீடுகளில்தான் செங்கல் சரிந்தது. ஒரு வீட்டில் சமையல்காரர் காரணம், இன்னொரு வீட்டில் அசடு என்று ஊரே ஒதுக்கி வைத்திருந்த மருமகன். அடைபட்ட வீடுகளின் புத்தகங்கள் எல்லாம் இந்த வீடுகளில் வந்து சேர்ந்தன, அதிகமாகத் தலைவர் வீட்டில். விருந்தினர் அறை போதாமல் நூலகம் கூடத்தை எடுத்தது, பிறகு மாடியை எடுத்தது. சில வருஷங்களில், வீடுகளுக்குள்ளேயே நூலகம் நடத்தும் முன்மாதிரித் திட்டம் என்று தலைவருக்கு மேலிடத்திலிருந்து விருது வந்தது. வெளியூர்த் தலைவர்கள் குறிப்பெடுக்க வந்தார்கள்; இந்த யோசனை தனக்கு எப்படி உதித்தது என்று அவர் ஒரு மணி நேரம் விளக்கினார். ஊராரும் பின்னாலேயே தலையாட்டினார்கள். நூலகர் விருது விழாவில் கைதட்டவில்லை; அவளும் அக்காவும் புத்தகங்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இன்று அந்த வீட்டில் தலைவருக்கென்று மிச்சம் இருப்பது ஒரு கட்டில் போடும் இடம். அதையும் நூலகம் அவ்வப்போது ஒரு சாண் நகர்த்திப் பார்க்கிறது. அவரைப் பார்க்க வருகிறவர்களிடம் நூலகர், படிக்கும் பக்கத்திலிருந்து தலையை எடுக்காமல், "இருக்கார், சட்டப் புத்தகங்களைத் தாண்டி இடது பக்கம். மெதுவாப் பேசுங்க" என்கிறாள். அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, அடுக்குகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து போய், மெதுவாகப் பேசிவிட்டு வருகிறார்கள்.