தொய்யகம்

மச்சானின் கை அவள் தலைப்பக்கம் போவதைப் பார்த்ததும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிடி சற்றுப் பலமாகவே விழுந்துவிட்டது.

"விடுங்க மாப்பிள்ளை. இதக் கழட்டிட்டு ஒரு துணியக் கட்டிவிடுவோம். வண்டி வர்ற நேரம்."

"கை வைக்காதீங்க மச்சான்."

இருபத்திரண்டு வருஷத்தில் பெண்டாட்டியின் அண்ணனிடம் அவன் இப்படிப் பேசியதே இல்லை. பேச வேண்டியதை எல்லாம் அவளே பேசிவிடுவாள். இன்று காலை ஆறு மணியிலிருந்து அவள் வாயை மூடிக்கொண்டு கட்டிலில் கிடக்கிறாள். தலையில் ஒரு முடி இல்லை. மருந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அந்த மொட்டைத் தலையில்தான் அது இருந்தது. செம்புக் கம்பியில் பின்னிய வளையம், நெற்றியில் மூன்று சரமாகத் தொங்கும் கண்ணாடி மணிகள். கம்பி, பழைய ஃப்ரிட்ஜ் மோட்டாரிலிருந்து அவன் உருவியது. மணிகள் அவள் கோத்தவை.

"செத்தவ தலையில கிரீடத்த வச்சு அனுப்பினா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"கிரீடம் இல்ல. தொய்யகம்."

"என்னது?"

"பொம்பளைங்க தலையில போடுற நகை."

மச்சான் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அகராதி பிடிச்சவள்னு சின்ன வயசுலயே பேரு வச்சேன். அகராதி ஆபீஸ்லயே போய் உக்காந்துக்கிட்டா. போகும்போதும் அடங்குறாளா பாருங்க."

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து நீட்டினான். பிறகு மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தான்.

அகராதி அலுவலகத்தில் அவளுக்குச் சீட்டு எழுதும் வேலை. ஒரு சொல்லை யார், எங்கே, எந்த வாக்கியத்தில் சொன்னார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். போன வருஷம், முடி கொட்ட ஆரம்பித்த மாதத்தில், இந்தச் சொல் அவள் மேஜைக்கு வந்தது. 'தொய்யகம்: மகளிர் தலையில் அணியும் அணிவகை. வழக்கொழிந்தது.' அன்று வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒழிஞ்சதாம். யாரக் கேட்டு எழுதினாங்க? எனக்கு ஒண்ணு பண்ணிக் குடுய்யா. போட்டுக் காட்டுறேன்."

பண்ணிக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள், வங்கிக்குப் போனாள், வாய்க்கு வாய் அந்தப் பேரைச் சொன்னாள். பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். கிரீடம் என்றார்கள். ஒரு நர்ஸ் ஹேர்பேண்ட் என்றாள், முடியே இல்லாத தலையைப் பார்த்து. ஒருத்தர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. பதிப்பாசிரியரோ கறாரான ஆசாமி. "நீங்க சொன்னா செல்லாதும்மா. உங்க வீட்டுக்காரர் சொன்னாலும் செல்லாது. வெளி ஆள் ஒருத்தர், யாரும் சொல்லச் சொல்லாம, தன் வேலைக்கு நடுவுல சொல்லணும். அப்ப சீட்டு எழுதிட்டு வாங்க, ஒழிஞ்சதுங்கிறத நான் அடிச்சிடுறேன்."

"போன வாரம் இந்தச் சீட்ட எங்கிட்ட குடுத்தா. கடைசி வரைக்கும் கழட்டாத, யாராவது சொல்லுவாங்கன்னா. நானும் சரின்னுட்டேன்."

"இன்னும் ரெண்டு மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சுடும். எவன் வந்து சொல்லப் போறான்?" என்றார் மச்சான். "நான் மூத்தவன் மாப்பிள்ளை. என் பேச்சுக்கு மரியாதை வேணாமா?"

மெக்கானிக்குக்கும் அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் கோபம் இருந்தது. மச்சான் மேல் மட்டுமல்ல, மருந்தின் மேல், பதிப்பாசிரியர் மேல், காலை ஆறு மணியின் மேல்.

"மரியாதை எல்லாம் இருக்கு. தொய்யகத்துல கை வைக்கணும்னா முதல்ல என்னத் தாண்டிப் போங்க."

குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். அப்போதுதான் மாடியேறி வந்த வண்டிக்காரர்கள் இருவர் ஸ்ட்ரெச்சரோடு வாசலில் தயங்கி நின்றார்கள்.

மச்சான் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"ஆறு வயசுல பேப்பர்ல தொப்பி பண்ணிப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குவா" என்றார். "கழட்டப் போனா கடிச்சு வச்சிடுவா."

கையிலிருந்த வெள்ளைத் துணியை மடித்து நாற்காலியில் வைத்தார்.

மாடிப்படி குறுகல். வண்டிக்காரர்களில் மூத்தவர் கால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்கினார். மற்றவர் தலைப்பக்கம். திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சாய்ந்தது.

"மெதுவா, மெதுவா" என்றார் மூத்தவர். "செவுத்துல இடிக்குது பாரு. தொய்யகம் கழண்டுடப் போகுது."

"எது?"

"அதான்யா, தலையில போட்டிருக்காங்கல்ல. ஒரு கையால பிடிச்சுக்க."

மெக்கானிக் படியிலேயே நின்றுவிட்டான். பின்னால் வந்த மச்சான் அவன் முதுகில் மோதினார். மோதியவரும் நகரவில்லை.

சீட்டு இருந்தது. பேனா இல்லை. மச்சான் தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"அவர் சொன்னத அப்படியே எழுதுங்க மாப்பிள்ளை. மாத்தி எழுதினா ஏத்துக்க மாட்டா."

சீட்டைச் சுவரில் வைத்து எழுதினான். வாக்கியம். சொன்னவர்: வண்டி ஓட்டுநர். இடம்: மாடிப்படி. தேதிக்கு வந்தபோது பேனா நின்றது.

"எழுதுங்க" என்றார் மச்சான்.

கீழேயிருந்து கூப்பிட்டார்கள், நேரமாகிறது என்று. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். அவன் எழுதி முடித்துவிட்டுத்தான் இறங்கினான்.