கொன்டெஸ்ஸா முதலில் இறங்கினாளா, பெரியம்மா முதலில் ஊதினாரா

1

கொன்டெஸ்ஸா என்ற பெண்சிங்கம் என் தாத்தாவின் இரண்டு விரல்களைத் தின்ற மாலை எனக்கு மிக நன்றாக நினைவிருக்கிறது. ஈரமான மரத்தூளின் வாடை. முன்வரிசையில் ஒரு பாதிரியார். வெளியே, இத்தாலியின் போ நதியிலிருந்து ஏறிவந்த மூடுபனி. ஒரே ஒரு சிக்கல், நான் அப்போது பிறந்திருக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் இது பெரிய தடையில்லை. சர்க்கஸ்காரர்கள் தாங்கள் பார்க்காததைத்தான் துல்லியமாக நினைவு வைத்திருப்பார்கள். பாதிரியாரை நானே சேர்த்திருக்கலாம். விரல்கள் மட்டும் உறுதி. அமில்காரே தாத்தா மீதமிருந்த மூன்றைக் கொண்டு என் காதைத் திருகியிருக்கிறார்.

2

தொடக்கங்கள்:

"மூடுபனி கூடாரத்தின்மேல் ஒரு கிழட்டுச் சிங்கம்போலப் படுத்திருந்த—"

வேண்டாம். உள்ளே ஒரு சிங்கம் இருக்கிறது. மூடுபனிக்கும் சேர்த்துத் தீனி போடக் கட்டுப்படியாகாது.

"வாழ்க்கையே ஒரு சர்க்கஸ்—"

இதை எழுதிய கையையும் கொன்டெஸ்ஸாவுக்கே கொடுத்திருக்கலாம்.

சரி, நேராகவே சொல்கிறேன். 1961, போ நதிக்கரையில் குவாஸ்தல்லா என்ற ஊர். கூண்டுக்குள் தாத்தா. சிங்கம் வெளியேறும் கம்பிப் பாதையின் கதவருகே அவர் மகன் டெல்மோ, என் மாமா. மேடையில் வாத்தியக் குழுவோடு ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தவர் மகள் நெரினா, என் பெரியம்மா. ஆட்டம் முடிந்ததும் கொன்டெஸ்ஸா முக்காலியிலிருந்து இறங்கிக் கதவை நோக்கிப் போக வேண்டும், குழு வழியனுப்பும் மெட்டை வாசிக்க வேண்டும். அன்று அவள் நேரத்துக்கு முன்பே பாய்ந்து இறங்கினாள். வழியில் தாத்தாவின் கை இருந்தது.

மாமாவின் தீர்ப்பு அன்றே வந்துவிட்டது: நெரினா அவசரப்பட்டு ஊதினாள், மெட்டைக் கேட்டுச் சிங்கம் இறங்கியது. பெரியம்மாவை டிக்கெட் ஜன்னலுக்கு அனுப்பினார்கள். ட்ரம்பெட் பெட்டிக்குள் போனது. பிறகு சிங்கம் போனது, கூடாரம் போனது, சர்க்கஸே போனது. தீர்ப்பு மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

3

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும், குழம்பில் மிதக்கும் கப்பெல்லெத்திக் கொழுக்கட்டைகள் தட்டுக்கு வந்ததும், டெல்மோ மாமா அந்தக் கதையைச் சொல்வார். போன வருடமும் சொன்னார்.

"நாலே நாலு சுரம். அதுக்குக்கூடப் பொறுமை இல்ல இவளுக்கு."

"அண்ணே, சிங்கத்துக்கு சங்கீத ஞானம் இருந்துச்சுன்னு சொல்ற. உனக்கே கிடையாதே!"

"பாத்தியா, பாத்தியா. இந்த வாய்தான் அன்னைக்கு ஊதினது."

எல்லோரும் சிரித்தோம். பெரியம்மாவும் சிரித்துவிட்டு, என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனார்.

"டேய் இவானோ, கல்லறையில நம்ம குடும்பத்துக்கு இன்னும் எத்தனை இடம் பாக்கி?"

"ரெண்டு. மாமாவுக்கு ஒண்ணு, அது பக்கத்துல உங்களுக்கு ஒண்ணு."

"அவன் பக்கத்துல படுத்து, நியாயத்தீர்ப்பு நாள் வரைக்கும் இதே கதையை நான் கேக்கணுமா? அவன் வாயால ஒரு தடவ 'நீ பண்ணல'ன்னு சொல்லட்டும். இல்லேன்னா என்னை எங்கயாவது ரோட்டோரம் போட்டுடுங்க. நீதான் எழுதுறவனாச்சே, போய் அவன்கிட்டக் கேளு."

(* வாசகருக்கு ஒரு குறிப்பு. சர்க்கஸில் மிருகம் இசைக்கு ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் அப்படி நினைப்பதற்காகத்தான் டிக்கெட் விற்றோம். உண்மையில் இசைதான் மிருகத்துக்கு ஆடும். குழுவின் கண்கள் காலடிகளின் மேலேயே இருக்கும். குதிரை தாமதித்தால் முரசும் தாமதிக்கும். சிங்கம் இறங்கிய பிறகே ஊதுவார்கள். எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். டெல்மோ மாமாவுக்கும் தெரியும். அறுபது வருடமாக யாரும் இதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லவில்லை. குழம்பு ஆறிவிடும் என்ற பயமாக இருக்கலாம்.)

4

இந்தக் கதையில் டெல்மோவை நம்பும்படி எழுதுவது எனக்குச் சிரமமாக இருக்கிறது. என் மனைவி படித்துவிட்டு, "கெட்டவனா இருக்காரு, சரி. ஏதாவது நல்ல குணம் குடேன்" என்றாள். கொடுத்தேன்: "அவர் ஜன்னலில் குருவிகளுக்கு ரொட்டித் துணுக்கு—" அடித்துவிட்டேன். மாமா குருவிகளைத் திட்டிக் கேட்டிருக்கிறேன்.

ஜனவரியில் அவர் வீட்டுக்குப் போனேன். போர்வைக்குள் பாதியாகிவிட்டிருந்தார்.

"மாமா, அன்னைக்கு உண்மையில என்னதான் நடந்துச்சு?"

"எத்தனை தடவடா சொல்றது? உன் பெரியம்மா ஊதினா. அது இறங்குச்சு."

"சிங்கம் எப்ப மாமா பாட்டு கேட்டுச்சு?"

அவர் போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டார். ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. இந்த மௌனத்தை மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். உங்கள்மேல் இரக்கப்பட்டு எடுத்துவிட்டேன்.

"என்ன வேணா எழுதிக்கோ," என்றார் கடைசியில். "நான் தாழ்ப்பாளைத் தொட்டேன்னு மட்டும் எழுதாத."

நான் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஆட்டம் முடிந்து அந்தக் கதவைத் தாண்டினால் கொன்டெஸ்ஸாவுக்குக் குதிரை இறைச்சி காத்திருக்கும். தாழ்ப்பாளின் இரும்புச் சத்தம்தான் அவளுக்குச் சாப்பாட்டு மணி. அதைக் கேட்டால், எந்த மெட்டுக்கும் காத்திராமல் இறங்கிவிடுவாள். தாழ்ப்பாளுக்குப் பொறுப்பு டெல்மோ.

[இங்கே நீங்கள் நிமிர்ந்து உட்காரலாம். நானும் உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் சரிந்துவிட்டேன். மாமா வீட்டு மாடிப்படி ஏறும்போது தாழ்ப்பாளைப் பற்றித்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை வாய்விட்டே கேட்டுவிட்டேனோ? கேட்டிருந்தால், அவர் சொன்னது வெறும் மறுப்பு. கேட்கவில்லையென்றால் வாக்குமூலம். பிறப்பதற்கு முன் நடந்த ஆட்டத்தில் ஒரு பாதிரியாரை உட்காரவைத்தவன், இதில் எந்தப் பக்கம் சத்தியம் செய்வது?]

5

முடிவுகள்:

அ) மாமா கண்ணீர் விடுகிறார், பெரியம்மா அணைத்துக்கொள்— மாமா கண்ணீர் விட்டது வெங்காயத்துக்கு மட்டும்.

ஆ) அடுத்த கிறிஸ்துமஸ் விருந்தில் மாமா கதையைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, பெரியம்மாவிடம் பாலாடைக்கட்டியை நகர்த்துகிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மாமா பிப்ரவரியில் இறந்துபோனார். என் முடிவுகளை அவர் என்றுமே மதித்ததில்லை.

இ) நடந்தது. மாதா கோவில் வாசலில் மாமாவின் சவப்பெட்டியைத் தோளில் ஏற்றியிருந்தார்கள். பெரியம்மா ட்ரம்பெட்டோடு வந்து நின்றார். யாருக்கும் தடுக்கத் துணிச்சல் இல்லை. உதட்டில் வைத்தார். பாதிரியார் (இவர் நிஜம்) தலையசைத்தார். பெரியம்மா ஊதவில்லை. காத்திருந்தோம்.

"ஊதுங்க அத்தை," என்றான் டெல்மோவின் மகன் சில்வானோ, பெட்டியின் கனத்தில் முனகியபடி. "தோள் போகுது."

"முதல்ல அவன் நகரட்டும்."

அவர்கள் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். கண்ணை அந்தக் கால்களிலிருந்து எடுக்காமல், அதன் பிறகுதான் ஊதினார். வழியனுப்பும் மெட்டு. பாதி சுரம், பாதி வெறும் காற்று. ஊரே பார்த்தது, எது முதலில், எது பிறகு என்று.

6

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெரியம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "உன்கிட்ட ஏதாவது சொன்னானாடா?"

நான்காம் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டலாமா? அடைப்புக்குறிக்குள் இருப்பதோடா, அது இல்லாமலா? நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் அன்று, "எழுதிக்கிட்டிருக்கேன், பெரியம்மா" என்றேன்.

மற்றபடி: கொன்டெஸ்ஸா ஒரு மிருகக்காட்சிசாலையில், பல்லெல்லாம் விழுந்து, தூக்கத்தில் செத்தாள். அமில்காரே தாத்தா எட்டு விரல்களோடு கல்லறைச் சுவரின் மேல்வரிசை மாடத்தில் இருக்கிறார். டெல்மோ மாமா கீழ்வரிசையில். நெரினா பெரியம்மா உயிரோடு இருக்கிறார். மாமாவுக்குப் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது.