லிண்டன் தெரு 214ஆம் எண் வீடு மறைந்த விவரம்

லிண்டன் தெரு 214ஆம் எண் வீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, முத்திரை விழுந்த கையோடு, கண்ணுக்குத் தெரியாமல் போனது. முத்திரை குத்தியவள் வெர்னா குபிசெக். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹால்பெக் மாவட்டத்தின் ஆவணக் குமாஸ்தா. பொது ஆவணம் கேட்டு வந்த எவரையும் இருபத்திரண்டு வருடத்தில் வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே கர்வம். அன்று ஜோலீன் என்ற பெண் வந்து, மாநில அரசு கொடுத்த அட்டை ஒன்றை நீட்டினாள். அடித்த புருஷனை விட்டு விலகி, இரண்டு ஊர் மாறி, மூன்றாவதாக இங்கே வந்தவள். இனி எந்தப் பதிவேட்டிலும் அவள் வீட்டு விலாசம் இருக்கக் கூடாது. அதற்குப் பதில் மாநிலத் தலைநகர் லிங்கனில் தபால் பெட்டி 1407 என்று எழுத வேண்டும்; அவளுக்கு வருவதெல்லாம் அங்கே போய்த்தான் திரும்பி வரும். வரி, தண்ணீர், வாக்காளர் பட்டியல், நாய் உரிமம் என்று நாலிலும் வெர்னா மாற்றி எழுதினாள். வீடு அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டுவிட்டது.

அன்று முதல் 212க்கும் 216க்கும் நடுவே ஒரு துணிக்கொடி மட்டுமே தெரிந்தது. ஜோலீன் கூட்டிப் போனால் வீடு இருக்கும். தேடிப் போனால் இருக்காது. பீட்சா கொண்டுவந்தவர் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு அதைத் தானே சாப்பிட்டார். பக்கத்து வீட்டு இர்மா வேலிக்கு மேல் நீட்டிய கொலாச்சி ரொட்டித் தட்டு, கையை விட்டதும் மறைந்து, லிங்கன் போய், ஆறாம் நாள் அரசு முத்திரையோடு ஜோலீனின் மேஜையில் வந்து உட்கார்ந்தது. ரொட்டி சற்றுக் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். அவள் நாய் ஹம்பர்ட் குரைத்தால் சத்தம் லிங்கன் தபால் நிலையத்தில் கேட்டது. அங்கிருந்தவர்கள் அதையும் பதிவு செய்து அனுப்பி வைத்தார்கள்.

அக்டோபரில் அந்தப் புருஷன் டாரல் ஸ்டூபன் எழுதிய மனு வந்தது. மாவட்டம் மாவட்டமாகப் பொது ஆவண மனு போட்டுக்கொண்டிருந்தவன். நாலு வேலை நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வெர்னா கறுப்பு மையால் அடிக்க வேண்டியதை அடித்து நாலு பட்டியலையும் அனுப்பினாள். ஜோலீனின் பெயரை அடித்தாள், விலாசத்தை அடித்தாள். மூன்று கால் பாசெட் நாய் ஹம்பர்ட்டை அடிக்க மறந்துவிட்டாள். அந்தப் பேரைப் பார்த்த டாரல் ஒரே வாரத்தில் ஊருக்கே வந்து, டிப்போ தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தான். தன் தவறு தெரிந்த நாளில் வெர்னாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

அவன் தெருத் தெருவாக நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனான். துணிக்கொடிக்கு எதிரே வந்து நின்றான். ஆறடிக்கு அப்பால், சமையலறை ஜன்னலுக்குப் பின்னால், ஜோலீன் வாணலியோடு மூச்சடக்கி நின்றாள். ஹம்பர்ட் தொண்டை கிழியக் குரைத்தது. லிங்கனில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். டாரல் கொடியில் கிடந்த துணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே வெர்னாவின் கவுண்டருக்குப் போனான்.

"மேடம், அவ இந்த ஊர்லதான் இருக்கா. தெருப் பேர மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

வெர்னா ஒரு மனுத் தாளை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். "எழுதிக் குடுங்க. நாலு நாள்ல பதில் வரும். உங்க விலாசத்தையும் எழுதுங்க, கிறுக்காம."

எழுதினான். அவன் போட்ட நாற்பத்தேழாவது மனு அது. மறுநாள் ஜோலீன் வந்தாள். மூட்டை கட்டிவிட்டதாகவும் நாலாவது ஊருக்குப் போகப்போவதாகவும் சொன்னாள்.

"வெர்னாக்கா, அவன் கேட்டா நீங்க குடுத்துத்தான் ஆகணுமா?"

"குடுக்கக் கூடாதத குடுக்க மாட்டேன். மத்தத யார் கேட்டாலும் குடுப்பேன். அவன் எழுதின மனுவும் பொது ஆவணந்தான், ஜோலீன். அத நீ கேட்டாலும் குடுப்பேன்."

ஜோலீன் கவுண்டருக்கு மேல் கையை நீட்டினாள். "அப்ப ஒரு பேனா குடுங்க."

டாரலின் மனுவைக் கேட்டு அவள் ஒரு மனு எழுதினாள். இர்மா ஒன்று எழுதினாள். தேவாலயப் பெண்கள் வரிசையில் நின்று எழுதினார்கள். முந்நூற்றுப் பதினொரு மனுக்களுக்கும் நாலாம் நாள் பதில் போனது. ஒவ்வொன்றிலும் டாரலின் விலாசம், முத்திரையோடு. அவன் வீடும் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டது. அன்று மதியம் மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃப் ஓடில் தன் கோப்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே டாரல் தன் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். ஜோலீனை நெருங்கக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு தன் மேஜையிலேயே இருந்ததால், அலமாரி வழியாகவே அதை நிதானமாகப் படித்துக் காட்டினார். இர்மா துணி துவைக்கும் இயந்திரத்தைத் திறந்தபோது அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வரி கட்ட வந்த முப்பத்தாறு பேர் ஒரே காலையில் அவன் குளியலறைக்குள் நுழைந்தார்கள். ஊரில் எந்தக் கதவைத் திறந்தாலும் அதற்குப் பின்னால் அவன் வீடு இருந்தது. வாசல் வரை போய் ஷூ மாட்டினால்கூடப் பத்துப் பேருக்குத் தெரிந்தது. ஷெரிஃபுக்கு முதலில் தெரிந்தது.

ஒன்பது நாள் தாங்கினான். பிறகு பக்கத்து மாநிலமான வயோமிங்குக்குக் குடிபோனான். போகிற அவசரத்திலும், தபால் திருப்பிவிட வேண்டுமே என்று புது விலாசத்தை வெர்னாவின் கவுண்டரில் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். ஜோலீன் மூட்டையைப் பிரித்தாள். ஹால்பெக்கில் இன்றும் மாவு எடுக்க அலமாரியைத் திறப்பவர்கள், சில நாள் வயோமிங்கில் உள்ளாடையோடு நிற்கும் டாரலைப் பார்க்கிறார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாத்துகிறார்கள். இரண்டு எண்ணிவிட்டுத் திறந்தால் மாவு இருக்கிறது.