கையுறை நகர்ந்ததா

என் அண்ணன் டுவேன் எறிந்த ஒரு பந்தைப் பற்றி எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. அவனை அடக்கம் செய்து இரண்டு மாதமாகிறது. இனிக் கேட்கவும் ஆளில்லை.

அயோவாவில் பள்ளிக்கூட பேஸ்பால் கோடையில்தான் நடக்கும். வேலிக்கு அப்பால் சோளம் நிற்கும். டுவேன் பந்து எறிபவன். அவனைவிட ஒரு வயது இளைய நான், அடிப்பவன் நிற்கும் இடத்துத் தட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவன். கையுறையை எங்கே வைக்கிறேனோ அங்கேயே பந்து வந்து உட்காரும். ஆனால் வேகம் கிடையாது.

பள்ளியில் அவனுக்குக் கடைசி வருஷம் அது. கல்லூரிக்கு ஆள் பார்க்க வருகிறவர்கள் பந்தின் வேகத்தை அளக்கும் வேகமானியைத்தான் பார்ப்பார்கள் என்று அப்பாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க டுவேன் கொட்டகைச் சுவரில் பலம் கொண்ட மட்டும் எறிந்தான். வேகம் வந்தது. பந்து எங்கே போகும் என்பதுதான் அவனுக்கே தெரியாமல் போயிற்று.

வட்டார இறுதி ஆட்டத்துக்கு ஒரு கல்லூரிக்காரர் வந்தார். வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு, துப்பாக்கி மாதிரி இருந்த வேகமானியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பிடித்துப்போனால் டுவேனுக்குக் கல்லூரி. இல்லையென்றால் அப்பாவோடு பன்றிப் பண்ணை.

“வேகமா போடட்டுமாடா, நீ காட்டுற எடத்துல போடட்டுமா?” என்றான் டுவேன்.

“ரெண்டும் போடேன்.”

“துரைக்கு ரெண்டும் வேணுமாம். கடையில போய் வாங்கிக்கோ.”

முதலில் வேகமாகத்தான் போட்டான். வேகமானி ஒவ்வொரு பந்துக்கும் உயர்ந்தது. கல்லூரிக்காரர் எதையோ குறித்துக்கொண்டு தலையாட்டினார். போகப் போகப் பந்து தட்டை விட்டு விலகியது. விலகிய பந்து நான்கானால் அடிப்பவனுக்கு முதல் தளம் இலவசம். எதிரணிப் பையன்கள் மட்டையை அசைக்காமலே நடந்துபோய்த் தளங்களில் நின்றார்கள். கடைசிச் சுற்றில் எங்களுக்கு ஒரே ஓட்டம்தான் அதிகம். மூன்று தளத்திலும் அவர்கள் ஆட்கள் நின்றார்கள்; ஒரு நல்ல அடி விழுந்தால் தோற்றோம்.

பயிற்சியாளர் ஹார்லன் டுவேன் நின்று எறியும் மேட்டுக்கு வந்தார். நானும் போனேன்.

“யாருக்குடா பந்து போடுற நீ? அந்த நாற்காலிக்கா, உன் தம்பிக்கா?”

“தெரியல கோச்.”

“நல்லா இருக்கு. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவர் போனதும் டுவேன் வேகத்தைக் குறைத்தான். பழைய டுவேன் திரும்பி வந்தான். காட்டிய இடத்தில் பந்து விழுந்தது. இரண்டு பேர் அவுட். மூன்றாமவனும் அவுட்டாகி ஆட்டம் முடிய, இன்னும் ஒரே பந்து சரியாக விழுந்தால் போதும். அந்த நேரத்தில் கல்லூரிக்காரர் வேகமானியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

மெதுவான பந்து போடச் சொல்லி விரலால் சைகை காட்டிவிட்டு, கையுறையைக் கீழே, தட்டின் வெளி ஓரத்தில் வைத்தேன். டுவேன் தலையாட்டினான். வந்தது மெதுவான பந்து இல்லை. கையுறையில் விழுந்த சத்தம்தான் எனக்குத் தெரியும். அடிக்க நின்றவன் அசையவில்லை. நடுவர் கையை உயர்த்தினார். ஜெயித்துவிட்டோம்.

கல்லூரிக்காரர் வலையோரம் வந்தார். “தம்பி, அது எவ்வளவு வேகம் இருக்கும்?”

“மிஷின் உங்ககிட்டதானே சார் இருக்கு?”

“பையில இருக்கு.”

கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினேன். தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

“இத நான் ஆபீஸ்ல காட்ட முடியாதேப்பா” என்றவர், டுவேனைக் கூப்பிட்டு அதே மாதிரி இன்னும் சிலது எறியச் சொன்னார். வேகமாகப் போட்டவை என் தலைக்கு மேல் போயின. கையுறைக்கு வந்தவையெல்லாம் மெதுவாகத்தான் வந்தன.

“இதுல எதுப்பா நீ?” என்று கேட்டார்.

“தெரியல சார்” என்றான் டுவேன்.

அவர் போய்விட்டார். அப்புறம் அங்கிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

வண்டியில் வீட்டுக்கு வரும்போது கேட்டேன். “அண்ணே, அது குறி பாத்துப் போட்டதா?”

“நீ எங்க வச்சிருந்த?”

“கீழ, வெளி ஓரம்.”

“அங்கதானே வந்துது. அப்புறம் என்ன?”

அது பதிலே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பன்றி வளர்த்தான். கிறிஸ்துமஸுக்குப் போகும்போதெல்லாம் கேட்பேன். சிரித்து மழுப்பிவிடுவான். இந்த வசந்தத்தில் ஆஸ்பத்திரியிலும் கேட்டேன்.

“இன்னுமாடா அது?” என்றான். “கண்ண மூடிக்கிட்டு வீசினேன். நீதானே கையுறைய நகத்திப் பிடிச்ச.”

“நான் நகத்தல.”

“நகத்தினேடா. கேட்சர் எல்லாம் திருட்டுப் பசங்க.”

பிடிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. விலகி வரும் பந்தை எட்டிப் பிடித்து, நடுவர் கண்ணில் படாமல், சரியான பந்து போலத் தெரிய உள்ளே இழுத்துக்கொள்வோம். ஹார்லன் அதை எனக்குப் பழக்கிய பழக்கில், நான் நினைக்காமலே கை செய்துவிடும். அன்றும் செய்ததா? செய்திருந்தால் அந்தப் பந்து வேகம் மட்டும்தான். செய்யவில்லை என்றால், என் அண்ணன் ஒரே ஒரு தடவை இரண்டையும் சேர்த்து எறிந்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து வேகமானி பைக்குள் இருந்திருக்கிறது.

நகர்த்தவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போது கையைப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. நான் நகர்த்தியதாக ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவன் சிரித்தான். பொய் சொல்லும்போதும் அப்படித்தான் சிரிப்பான், நிஜம் சொல்லும்போதும் அப்படித்தான்.