அத்தைக்கு நொண்டக் கற்றுக்கொடுத்தவள்

குதிரையை நடக்கப் பழக்குவது பெரிய காரியமில்லை. ஓடப் பழக்குவதும் அப்படித்தான். நன்றாக நடக்கிற குதிரையை நொண்டப் பழக்க வாலுவுக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. பதினோரு வயதுப் பெண்ணுக்கு இது சாதனைதான், ஆனால் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை.

அவளுடைய அப்பா ஒரு குதிரையேற்றப் பள்ளியில் குதிரைக்காரர். லாயத்துக்குப் பின்னால் இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். ஒன்றில் மூன்று பேரும் படுப்பார்கள், இன்னொன்றில் சமையலும் அம்மா துவைத்துக் காயப்போடுகிற சேணத் துணிகளும். வீடு முழுக்கக் குதிரை வாசனை. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்துவாள், வாலு அவளைக் கிள்ளுவாள், இரண்டும் தினப்படி தவறாமல் நடக்கும்.

இருந்த ஒன்பது குதிரைகளில் அவளுக்கு உயிர் அந்தப் பழுப்புப் பெட்டைக் குதிரை மேல்தான். அதற்கு 'அத்தை' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். உதட்டைச் சுழித்துக்கொண்டு, எதைத் தின்னக் கொடுத்தாலும் குறை சொல்கிற மாதிரி ஒரு மூஞ்சி அதற்கு. அப்பாவின் அக்கா இதைக் கேள்விப்பட்டு ஒரு வருஷம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மூஞ்சிதான் அப்படி, மனசு தங்கம். வாலு தவழ்ந்து எழுந்து நின்றதே அதன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டுதான். அன்றைக்கு அது அரை மணி நேரம் அசையாமல் நின்றதாம்.

குதிரையேற்றப் பள்ளியை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அந்த இடத்தில் கார் நிறுத்தப்போகிறார்களாம். குதிரைகளையெல்லாம் விற்றுவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அவள் கையில் ஒரு புத்தகம் இருந்தது. ஒரு பையனையும் ஒரு குதிரையையும் பற்றிய பழைய நாவல், பள்ளிக்கூட நூலகத்தில் எடுத்தது. நான்கு தடவை படித்துவிட்டாள். அதில் சந்தைக்குக் கொண்டுவந்த நொண்டிக் குட்டியை எவனும் சீந்தவில்லை. சலித்துப்போன சொந்தக்காரன் கயிற்றைப் பையன் கையில் கொடுத்து, போ, உனக்கே என்கிறான். எழுதினவர் நல்ல மனுஷராகத்தான் இருந்திருப்பார். ஆனால் எவனும் சீந்தாத குதிரையைத் தேடி வருகிறவர்கள் யார் என்று அவர் ஒரு வரி எழுதவில்லை.

அப்பாவும் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு கிழட்டுக் குதிரை லாரியில் ஏறிப் போகும்.

"எங்கப்பா போகுது?"

"மலைப் பக்கம் ஒரு பண்ணை இருக்கும்மா. வேலையே கிடையாது. இடுப்பு உயரத்துக்குப் புல்லு."

இதைச் சொல்லும்போது அவர் வாளி கழுவிக்கொண்டிருப்பார். கழுவின வாளியையே திரும்பக் கழுவுவார். வாலு நம்பினாள். அப்பா சொன்னால் நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஆக, அவள் போட்ட திட்டம் இவ்வளவுதான். அத்தை நொண்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். வாங்காவிட்டால் தனக்கே கொடுத்துவிடுவார்கள். அப்படியே கொடுக்காமல் போனாலும் பண்ணை இருக்கிறது, லீவு விட்டதும் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அப்பா தீவனம் வாங்கப் போகிற நேரமாகப் பார்த்துப் பாடம் நடந்தது. முதலில் இடது முன்னங்காலில் ஒரு நாடாவைக் கட்டி, அடி வைக்கும்போது லேசாக இழுத்தாள். கால் தூக்கினால் ஒரு துண்டு கேரட். பிறகு நாடா இல்லாமல். பிறகு அவள் சுவரோரம் நின்று கையைப் பின்னால் கட்டினாலே போதும், அத்தை தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வரும். அப்பாவே ஒருநாள் பார்த்துவிட்டுக் குளம்பைத் தூக்கி வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தார், மறுநாள் அது சரியாக நடக்கவே விட்டுவிட்டார். வாலு உள்ளே போய்த் தலையணையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மற்ற எட்டும் ஒவ்வொன்றாகப் போயின. அத்தையைக் கேட்டு ஒரு அம்மாள் வந்தார். நடக்க முடியாத பிள்ளைகளைக் குதிரைமேல் உட்காரவைத்துப் பழக்குகிற இடம் நடத்துகிறாராம். வந்தவுடன் சேணத்தையோ பல்லையோ பார்க்கவில்லை, அத்தையின் நெற்றியோடு தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு ரொம்பப் பொறுமைன்னு சொன்னாங்களே?"

"ஒரு கொழந்த காலடியில கெடந்தாலும் அசையாதும்மா," என்றார் அப்பா. "கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

வாலு சுவரோரம் நின்று கையைப் பின்னால் கட்டினாள். அத்தை நொண்டியது. அதற்கு முன்பும் பின்பும் அப்படி நொண்டியதில்லை, அவ்வளவு பிரமாதம். அந்த அம்மாளின் முகம் விழுந்துபோனது. "பிள்ளைங்கள ஏத்தணுமே, ரிஸ்க் எடுக்க முடியாதுங்களே," என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். வாலுவுக்கோ கால் தரையில் பாவவில்லை. அத்தைக்கு முழு கேரட்டையே கொடுத்தாள்.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். காலில் ஒன்றும் அகப்படவில்லை. வயசாச்சு, உள்ளே தேய்ந்திருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை லாரி வரும் என்றார் மேனேஜர்.

வியாழக்கிழமை காலை அப்பா தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பண்ணைக்குத்தானேப்பா போகுது?" என்றாள் வாலு. "ஏன் அழற?"

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் எத்தன நாளைக்கு அவ காதுல பூ சுத்துவீங்க? நாளைக்கு அட்ரஸ் கேப்பா, என்ன சொல்லுவீங்க?" என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டு, மகள் பக்கம் திரும்பினாள். "பண்ணையும் இல்ல, ஒண்ணும் இல்லடி. நொண்டிக் குதிரைய வெட்டத்தான் வாங்குவாங்க. தோலுக்கு."

வாலு அப்பாவைப் பார்த்தாள். அவர் இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அது நொண்டிக் குதிர இல்லப்பா!" என்று கூவினாள். "நான்தான் கத்துக்குடுத்தேன்! சும்மா நடிக்குதுப்பா!"

அப்பா எச்சில் கையோடு ஓடினார். வாசலில் லாரி வந்து நின்றிருந்தது, டாக்டரும் மேனேஜரும் நின்றிருந்தார்கள். அப்பா சொல்லச் சொல்ல மேனேஜரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னய்யா, வீடு போயிடும்னு பொண்ண அழ வெச்சு நாடகமா? அந்தம்மாவும் வேற குதிர வாங்கியாச்சு."

"ஐயா, ஒரே ஒரு தடவ நடக்க வெச்சுப் பாருங்க. நேரா நடந்தா ரெண்டு வாரம் குடுங்க, நானே ஆள் கொண்டு வரேன்."

"நேரா நடந்தா எழுதினத நான் மாத்தித் தரேன்," என்றார் டாக்டர். பாவம், அவர் நியாயமானவர்தான்.

அப்பா கயிற்றைப் பிடித்து நடத்தினார். வாலு இரண்டு கையையும் எல்லோரும் பார்க்க முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். கை பின்னால் போனால்தான் நொண்ட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அத்தை அதைத் தன் வசதிக்குச் சுருக்கி வைத்திருந்தது: அந்நிய ஆள் வந்து, இவளும் நின்றால், நொண்டு. இடது காலைத் தூக்கியது. தலையை ஆட்டியது.

"வேண்டாம் அத்தை! நேரா நட!"

அவள் குரலைக் கேட்டதும் அத்தைக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இன்னும் நன்றாக நொண்டியது. நொண்டக் கற்றுக்கொடுத்தவள் நிறுத்தக் கற்றுக்கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டி வரும் என்று யார் கண்டார்கள்?

"நீ உள்ள போடா கண்ணு, உன்னப் பாத்துத்தான் பண்ணுது," என்றார் அப்பா. வாலு ஓடிப்போய் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தை நின்றுவிட்டது. கழுத்தைத் திருப்பி அவளைத் தேடியது. எவ்வளவு இழுத்தும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

"போதும்யா, கண்ணால பாத்தாச்சு," என்றார் மேனேஜர். டாக்டர் தன் பையை எடுத்துக்கொண்டார்.

லாரிப் பலகையில் ஏற்றப் பார்த்தார்கள். ஏறவில்லை. டிரைவர் தடியை எடுத்து ஓங்கி ஒன்று போட்டான். அந்தச் சத்தம் அறைக்குள் கேட்டது. இரண்டாவதும் கேட்டது. பிறகு கதவு திறந்தது, அப்பா நின்றார்.

"நீ வந்தா ஏறிடும்மா," என்றார். "இல்லன்னா அடிச்சே கொன்னுடுவானுங்க."

அவள் போனாள். கயிறுகூடத் தேவைப்படவில்லை. அவள் பலகைமேல் பின்னோக்கி நடக்க, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அத்தை ஏறியது, ஒவ்வோர் அடிக்கும் இடது காலைத் தூக்கித் தூக்கி, ஒன்றுகூடத் தவறாமல். மேலே போனதும் மூக்கை அவள் கையில் வைத்து முட்டியது. வந்த அவசரத்தில் அவள் எதையும் எடுத்து வரவில்லை. டிரைவர் அவளைத் தூக்கிக் கீழே இறக்கினான். தான் சரியாகச் செய்யவில்லையோ என்று நினைத்ததோ என்னவோ, அத்தை மறுபடி காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றது. அவர்கள் பலகையை எடுத்துவிட்டுக் கதவை அடைத்தார்கள்.