பீரோக் கதவில் ஒரு பாடம்

கணக்கு வாத்தியார் வீட்டில் கரும்பலகை இல்லை. பீரோக் கதவில் சாக்பீஸால் கோணங்களை வரைந்து, எதிரே குக்கர்மேல் செல்போனைச் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தினார். அவர் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க, தலைமையாசிரியையும் அன்று ஆன்லைன் வகுப்பில் இருந்தார்.

பாதியில் மனைவி வந்தாள். "ஆபீசுக்கு நேரமாச்சு, தள்ளுங்க" என்று கதவைத் திறந்தாள். கோணங்கள் ஒதுங்கின, வாத்தியாரின் கிழிந்த பனியன்கள் திரையில் தொங்கின. அவர் சட்டென்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா பிள்ளைங்களா? இது குறுங்கோணம். இன்னும் திறந்தா செங்கோணம். இதோ, விரிகோணம்!"

"கதவை ஆட்டிக்கிட்டே இருந்தா நான் எப்படித் துணி எடுக்கறது?"

தலைமையாசிரியை மைக்கைத் திறந்தார். "பாடம் நல்லாப் புரிஞ்சுது சார். வேலை உறுதி. முதல்ல அந்தப் பனியனை மாத்துங்க."